பச்சைப் புள்ளி

இல்லண்ணே, உங்க பொண்ணு பொய் சொல்லல. நாப்பது கேள்விக்கும் பதில் போட்டேன்னு சொன்னா போட்டுத்தான் இருப்பா. முதல்ல உக்காருங்க. அதோ, ஜன்னலோரம். பதினேழாம் நம்பர் கம்ப்யூட்டர். அங்கதான் அவ எழுதினா.

நானா? இந்த லேப்பைப் பாத்துக்கறவ, அவ்வளவுதான். பதினோரு வருஷமாச்சு. பரீட்சை அன்னிக்குக் கதவைத் திறப்பேன், யார் எங்க உக்காரணும்னு பட்டியல் ஒட்டுவேன், முடிஞ்சா எல்லாத்தையும் அணைச்சிட்டு வீட்டுக்குப் போவேன். கேள்வி எங்கிருந்தோ வரும், மார்க் எங்கயோ போகும்.

சரி, மாதிரிக் கேள்வி ஒண்ணு போட்டு விடறேன். மௌஸைப் பிடிங்க. ஏதாவது ஒரு பதிலை அழுத்துங்க. ஓரத்துல பச்சைப் புள்ளி வருதா? இருங்க, அவசரப்படாதீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ம், வந்துடுச்சா? அது வந்தாத்தான் பதில் பதிவாகும். மத்ததுல எல்லாம் அழுத்தின கையோட வரும். இதுல மட்டும் நாலு எண்ணணும். அதுக்குள்ள அடுத்த கேள்விக்குப் போயிட்டா முந்தினது காலி.

கூத்தைப் பாருங்க. ஒண்ணும் தெரியாம முழிக்கறவன் இதுல பாஸாகிடுவான். மடமடன்னு போடற புள்ளைதான் மாட்டிக்கும். உங்க பொண்ணு இருபதே நிமிஷத்துல முடிச்சிட்டா. போகும்போது என்னைப் பாத்து சிரிச்சிட்டு வேற போனா. கடைசில பாத்தா, முப்பத்தோரு கேள்விக்குப் பதிலே இல்லைன்னு வந்திருக்கு.

சொல்லாம இருப்பேனா? மூணு தடவை ஆபீஸுக்கு எழுதிக் குடுத்தேன். வந்தாங்க, தட்டிப் பாத்தாங்க, நல்லாத்தானே ஓடுதுன்னு போயிட்டாங்க. அப்புறம் எனக்கும் மரத்துப்போச்சு. கோவமா? வரலண்ணே. இப்பெல்லாம் எதுவுமே வரமாட்டேங்குது.

மனுவைக் குடுங்க. சாயங்காலத்தோட கெடு முடியுதுல்ல? மறு பரீட்சை வைக்கலன்னா அவ படிப்பு நின்னுடும், தெரியும். கம்ப்யூட்டர் பழுதுன்னு லேப் பொறுப்பாளர் கையெழுத்து, அதானே? போட்டுட்டேன், இந்தாங்க. என் வேலையா? போகும்னுதான் நினைக்கறேன். போகட்டும்.

ஐயோ, கும்பிடாதீங்கண்ணே. கையை இறக்குங்க.

இருங்க, குடுங்க அதை. கீழ இன்னொரு கட்டம் இருக்கே, இடம் எப்படி ஒதுக்கினாங்கன்னு. அதையும் எழுதிடறேன். இந்தப் பதினேழாம் நம்பர் முதல்ல என் பொண்ணுக்குத்தான் விழுந்தது. ஆமா, அவளும் இங்கதான் படிக்கறா. அவளும் மடமடன்னு போடறவ. அன்னிக்குக் காலைல பட்டியல் ஒட்டறதுக்கு முன்னாடி, அவ பேரையும் அதுக்குக் கீழ இருந்த பேரையும் மாத்திட்டேன். கீழ யார் இருக்காங்கன்னு படிக்கக்கூட இல்லண்ணே.

இப்பத்தான் உங்க மனுவுல படிக்கறேன். நல்ல பேரு.