நோர்வேக்காரரின் ஐந்து மணி

கந்தப்பன்: ஆகவே, இத்தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கராகவும் இவ்வீட்டின் தலைவராகவும் நான் அறிவிப்பது என்னவென்றால், இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் இந்நாள் முதல், இக்குவாட்டஸில் வயர் இல்லாத இன்டர்நெட் ஒழிக்கப்படுகிறது. இனி வயர் ஒன்றே.

பூரணி: யாருக்குங்க அறிவிப்பு? நான் ஒருத்திதான் நிக்கிறேன்.

கந்தப்பன்: பொண்டாட்டியா இருந்தாலும் முறையாச் சொல்லணும்.

பூரணி: ஒழிக்கிறதுன்னா...

கந்தப்பன்: ஒழிச்சாச்சு. நீ சமைக்கிற குசினி ஜன்னல்ல மூங்கில் குச்சியில கட்டித் தொங்கவிட்டிருந்தியே, அந்த டொங்கில்... காலையில அவுத்துட்டுப் போயி ஹட்டன் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டேன்.

பூரணி: எங்கிட்ட ஒரு வார்த்த...

கந்தப்பன்: ஆராய்ச்சி பண்ணித்தான் முடிவெடுத்தேன், பூரணி.

பூரணி: நம்ம மக சுலக்ஷனா கொழும்புலருந்து பேசுவாளே. அவ விட்டுட்டுப் போன லெப்டொப்ப வச்சு இனி நான் என்ன செய்ய, தேங்கா துருவவா?

கந்தப்பன்: முன்னறைக்கு வந்து என் கொம்பியூட்டர்ல பேசு. நான் வெளையாடாத நேரம் பாத்து.

பூரணி: அப்பிடி ஒரு நேரம் இருக்கா.

கந்தப்பன்: கேளு. நீ குசினியில டொங்கில போட்டா, நான் இங்க கொம்பியூட்டர் பில்லியட்ஸ்ல தோக்குறேன். ஒருநாள்கூடத் தப்பல.

பூரணி: நான் போடாத அன்னிக்கு ஜெயிக்கிறீங்களா?

கந்தப்பன்: அன்னிக்கு எங்கூட இன்டர்நெட்டுல ஆடுற நோர்வேக்காரர் வர்றதே இல்ல. அது வேற விசயம்.

பூரணி: அதுலருந்து என்ன கண்டுபிடிச்சீங்க?

கந்தப்பன்: ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு இன்டர்நெட். காத்துல வர்றது, வயர்ல வர்ற வேகத்த உறிஞ்சுது.

பூரணி: அட்ட மாதிரியா?

கந்தப்பன்: அட்டையேதான். பந்து குழிக்கிட்ட போயித் திக்கித் திணறி நிக்கிது.

பூரணி: ஒங்க வயரு மட்டும் பெரிய ஒழுங்கா? போன வாரம் சவுக்கு மரக் கெள விழுந்து, அந்து றோட்டுல கெடந்துச்சு.

கந்தப்பன்: அது விபத்து. காத்துல வர்றதுக்கு கொணமே அப்பிடி. மழ மூட்டம் எறங்குனா நின்னுரும்.

பூரணி: நோர்வேக்காரருக்கும் நிக்கிமே.

கந்தப்பன்: பாவம், அவரு ஊரும் மலதான். இங்க மூட்டம் எறங்குற அதே நேரம் அங்கயும் எறங்குது. இயற்கையோட ஒத்துமயப் பாரு.

பூரணி: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

கந்தப்பன்: கண்ண மூடுனா தெரியுது, பூரணி... ஏரிக்கரையில ஒரு மரவீடு. வெளிய பஞ்சு பஞ்சா பனி. அவரு ஒரு பந்த மெல்லத் தட்டுறாரு... அது பனிக்குள்ள உருண்டு, கடலுக்கு மேல உருண்டு, வட்டவளையில ரயில் பாதையோட ஏறி... சத்தமே இல்லாம நம்ம மேசையில வந்து நிக்கிது.

பூரணி: எனக்கும் அப்பிடித்தான் தோணும்... பந்து போறப்ப, மல முழுக்க மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி.

கந்தப்பன்: ஒனக்கா?

பூரணி: நீங்க சொல்லக் கேட்டு.

கந்தப்பன்: நடுவுல எந்திரிச்சுப் போயிருவாரு. 'பால் அடுப்புல'ன்னு இங்கிலீஸ்ல எழுதிட்டு.

பூரணி: அங்க ஆம்பளைங்களா பால் காச்சுறாங்க?

கந்தப்பன்: முன்னேறுன நாடு.

பூரணி: அது சரி, வீட்டுக்குள்ள எதுக்கு கோட்டு?

கந்தப்பன்: அஞ்சு மணிக்கு வர்றேன்னு வாக்கு குடுத்திருக்காரு. சின்ன வயசுல, தொரமாரு கிளப்பு ஜன்னல்ல மூக்க ஒட்டி வச்சு, அந்தப் பச்ச பில்லியட்ஸ் மேசையப் பாத்துக்கிட்டே நின்னவன் நான்... உள்ள விடமாட்டாங்க. இன்னிக்கு ஒரு வெள்ளக்காரர் எனக்காக மேசை போட்டுக் காத்திருக்காரு. அவர ஒரே ஒரு தடவ ஜெயிச்சிட்டா போதும் பூரணி. ஒரு தடவ.

பூரணி: ...மணி அஞ்சரை.

கந்தப்பன்: வருவாரு. வேகத்தப் பாரு, வயர் பறக்குது.

பூரணி: பறக்குது. ஆளத்தான் காணல.

கந்தப்பன்: வெள்ளக்காரன் நேரம் தவற மாட்டானே...

பூரணி: ஏங்க, அவருகிட்ட நீங்க யாருன்னு சொல்லியிருக்கீங்க?

கந்தப்பன்: தோட்டத்துல... இருக்கேன்னு.

பூரணி: கிளாக்கருன்னா?

கந்தப்பன்: அத இங்கிலீஸ்ல விளக்குறது கஷ்டம்.

பூரணி: கிளாக்கரே இங்கிலீஸ்தானங்க.

கந்தப்பன்: ...தேத்தண்ணி எங்க?

பூரணி: இந்தாங்க, தொர. பங்களாவுல சமையல்காரி போடுற தேத்தண்ணி ஒலகத்துலயே இல்லன்னு எழுதுனீங்களே. அதே தேத்தண்ணிதான்.

கந்தப்பன்: அத... ஒனக்கு யாரு சொன்னா?

பூரணி: சமையல்காரிய நல்லா வச்சுக்கங்கன்னு பதில் போட்டேனே. மறந்துட்டீங்களா?

கந்தப்பன்: பூரணி... நோர்வே...

பூரணி: ஆட்டத்துல பேரு பதியிறப்ப, கொடி அழகா இருந்துச்சேன்னு அமுக்குனேன். எந்த நாடுன்னு நீங்க சொல்லித்தான் தெரியும்.

கந்தப்பன்: அப்ப... இன்னிக்கு ஆட்டம்?

பூரணி: இன்னிக்கு ஒங்களுக்கு விட்டுக்குடுக்கலாம்னுதான் இருந்தேன். நோர்வேயில கனெக்சன் இல்ல. காலையில நீங்கதான் திருப்பிக் குடுத்துட்டு வந்தீங்க.