மலைப்பெண்ணின் மணிக்கட்டு

மலைப்பாதையில் வேனில் போகிறவர்கள் காலையில் பூரி சாப்பிடக் கூடாது. இட்லி என்றால் வளைவுகளில் வயிறு பேசாமல் இருக்கும். அன்று வழியில் ஓட்டலில் வேன் நின்றபோது இதை எல்லோரிடமும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மலை ஏறத் தொடங்கியதுமே அருளின் மனைவி நிஷா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள்.

"டவுட்டு சொன்னா நடக்குது பாரேன்" என்று அருள் சிரித்தான். "இவன் வாய்ல எதுனா கீது."

டவுட்டு என்பது நான். சரவணக்குமார் என்ற பெயர் சம்பளத்தன்று மட்டும்தான் ஷெட்டில் கேட்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கஜபதி முதலாளியின் ஷெட்டில் வெல்டிங்கைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. மாலையில் ஆவடியில் டிப்ளமோ வகுப்பு. அருள் எங்கள் வெல்டர்களில் முதல் ஆள். திருவேற்காட்டில் என் வீட்டுக்கு எதிர் வீடு. இருவரும் ஒரே பைக்கில்தான் வேலைக்குப் போய் வந்தோம். அவனை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொல்லியிருந்தால், அது சரியல்ல.

நீங்கள் அழைத்து நான் இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை, நானாகத்தான் வந்தேன். முதலாளியை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் மீது தப்பில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வாணியம்பாடிக்கு மேலே அந்த மலையில் புதிதாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். பாதை முடிகிற பாறையில் ஒரு பெரிய இரும்புப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ ஒரு சிற்பி வரைந்து கொடுத்தார். நாங்கள் துண்டு துண்டாகச் செய்து லாரியில் அனுப்பினோம், மலையில் வேறு ஆட்கள் பொருத்தி நிறுத்தினார்கள். அவள் வலது கையைப் பள்ளத்தின் மேல் நீட்டியிருப்பாள். அந்த உள்ளங்கையில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அதுதான் அவளுடைய விசேஷம். திறப்பு விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, செய்தவர்கள் பார்க்கட்டும் என்று முதலாளியே வேன் வைத்து எங்களைக் குடும்பத்தோடு கூட்டிப்போனார்.

அதுவரை எங்களில் யாரும் அவளை முழுதாகப் பார்த்ததில்லை. ஷெட்டில் அவள் கன்னத்தைப் படுக்கப்போட்டு, அதன் மேல் டப்பாவைத் திறந்து வைத்து மதியம் சாப்பிட்டிருக்கிறோம். பாதையின் கடைசித் திருப்பத்தில் புதர்களுக்கு மேல் அந்தக் கன்னம் தெரிந்ததும் எல்லோரும் நின்றுவிட்டோம். வெயில் அதன் மேல் விழுந்திருந்தது. அவள் எங்களைப் பார்க்கவில்லை. தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவகூடத்தான் ஊட்டுக்கே வராம கெடந்தியா?" என்றாள் நிஷா.

"பொறாமைப்படாத. அவ பூரி துன்னுட்டு வாந்தி எடுக்க மாட்டா."

முதலாளிகூடச் சிரித்தார்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏணியோ, மேடையோ, மாடிப்படியோ, மனிதர் ஏறி நிற்கிற எதைச் செய்தாலும், வெல்டிங் அடித்தவன்தான் முதலில் ஏற வேண்டும். முதலாளி எலுமிச்சம்பழத்தைச் சுற்றிக் காலடியில் வைப்பார். அவன் அதை மிதித்து நசுக்கி, ஏறி நின்று, ஒரு முறை குதிப்பான். குதித்த பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். பயம் இருந்தால் வேலை சுத்தமாக வரும் என்பது முதலாளியின் கணக்கு. நல்ல வழக்கம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெல்டிங்கின் மேல் சிவப்புச் சாயம் தடவி ஊறவிடுவோம். பிறகு துடைத்துவிட்டு வெள்ளை மருந்து தெளிப்போம். உள்ளே விரிசல் இருந்தால், அதில் இறங்கிய சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும்பும். ஆனால் சரியாகத் துடைக்காவிட்டால் நல்ல வெல்டிங்கிலும் சிவப்பு தெரியும். நான் அந்தத் தப்பை ஒரு முறை செய்தேன். ஒரு தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டை வேண்டாம் என்று ஒதுக்கினேன். அதை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே மாசு மருவில்லை. முதலாளி எல்லோர் முன்னாலும், "நைனா, செவப்பு இரும்புல இல்ல, உன் கண்ணுல கீது" என்றார். அருள்தான் எனக்கு டவுட்டு என்று பெயர் வைத்தான். கோபமாக வைக்கவில்லை. அவன் எதையும் கோபமாகச் செய்ய மாட்டான்.

அதன் பிறகு வீட்டுக் கதவைப் பூட்டினால்கூடத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். நான் பார்ப்பது உண்மையில் அங்கே இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. அப்படி வாழ்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் புரியாது. உங்கள் வேலையில் நீங்கள் சொல்வதை எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள்.

மலைப்பெண்ணின் மணிக்கட்டைச் சோதித்த அன்று சிவப்புக் கோடு வந்தது. நன்றாகத் துடைத்து மறுபடி செய்தேன். மெல்லிய கோடு, அதே இடத்தில் வந்தது. அருளிடம் சொல்லப் போனேன். அவன் என் முகத்தைப் பார்த்ததும் மற்றவர்களைக் கூப்பிட்டான். "டேய் வாங்கடா, டவுட்டு இன்னாவோ கண்டுபுட்சிகினு வந்துகிறான்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, கிரைண்டரைக் கேட்க வந்தேன் என்றேன். திரும்பிப் போய் வெள்ளையைத் துடைத்துவிட்டுச் 'சரி' முத்திரை குத்தினேன். மறுநாள், சிற்பி வரைந்திருந்தபடி, அருளே அந்த இடத்தை மூடி வளையல் மாதிரி ஒரு பட்டையைப் பொருத்திவிட்டான். அதன் பிறகு அந்த இணைப்பை யாரும் பார்க்க முடியாது.

அந்த வாரம் வகுப்பில் இருதயராஜ் சாரிடம் கேட்டேன். எந்த வேலை என்று சொல்லவில்லை. கரும்பலகையில் அந்தச் சிவப்புக் கோட்டை வரைந்து காட்டினேன். "துடைச்சிட்டுத் திரும்பச் செஞ்சும் வந்துச்சா? அப்போ சந்தேகம்னு சொல்லாதே தம்பி. அது விரிசல். ஆள் நின்னா போயிரும்" என்றார். மற்ற மாணவர்களிடம், "இந்த மாதிரிக் கண்ணு வேணும்" என்றும் சொன்னார்.

அப்போதே ஷெட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வளையலைக் கழற்றி, மணிக்கட்டை அறுத்துப் பார்ப்பார்கள். ஒருவேளை சார் சொன்னது தப்பாக இருந்தால்? உள்ளே மறுபடியும் ஒன்றும் இல்லாமல் இருந்தால்? இன்னொரு முறை அந்தச் சிரிப்பை என்னால் கேட்க முடியாது. அதனால் சொல்லவில்லை. நான் எதையும் திட்டமிடவில்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான்.

பாறையில் முதலாளி எலுமிச்சம்பழத்தைச் சுற்றினார். கீழே நல்ல பள்ளம் என்பதால் இடுப்பு பெல்ட்டும் கயிறும் கொண்டுவந்திருந்தார். "கட்டிக்கடா" என்று நீட்டினார்.

"நம்ம டவுட்டே முத்திர குத்திட்டான், அப்பறம் இன்னாத்துக்கு மொதலாளி பெல்ட்டு?" என்றான் அருள். பிறகு என் பக்கம் திரும்பினான். "இன்னா மச்சான், நிக்கலாமா?"

அவன் விளையாட்டாகத்தான் தொடங்கினான். ஆனால் கேட்டுவிட்டு என் பதிலுக்காக நின்றான். பள்ளத்தை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி என் முகத்தைப் பார்த்தான். என்னுடைய ஒரு சொல்லுக்காக அவன் காத்து நின்றது அதுதான் முதல் தடவை.

"நிக்கலாம் மச்சான்" என்றேன்.

பெல்ட்டைக் கட்டாமலே பழத்தை மிதித்து நசுக்கிவிட்டு இரும்புக் கையின் மேல் நடந்து போனான். "சிரிய்யா, மூஞ்சிய உர்ருனு வெச்சிகினு" என்று நிஷா போனைத் தூக்கிப் பிடித்தாள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நான் மணிக்கட்டு தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். அவன் குதித்தான்.

சத்தம் பெரிதாக இல்லை.

எல்லோரும் பள்ளத்தை நோக்கி ஓடினார்கள். நான் ஓடவில்லை. கையின் முறிந்த முனையிடம் போனேன். பழைய விரிசல் காற்றுப் பட்டுக் கறுத்திருக்கும், புதிதாக முறிந்த பகுதி பளபளவென்று இருக்கும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். அப்படியே இருந்தது. கறுப்பு, நான் பார்த்த கோட்டின் நீளத்துக்கு ஓடி, நான் நினைத்த இடத்தில் நின்றிருந்தது. எனக்கு மூச்சு நன்றாக வந்தது. அதற்குப் பிறகுதான் நிஷா கத்துவது காதில் விழுந்தது.

தொடக்கத்தில் எனக்கு எப்போதும் சந்தேகம் என்பதுபோலப் பேசினேன். அவன் நிக்கலாமா என்று கேட்டபோது எனக்குச் சந்தேகம் இல்லை. விழுவான் என்று தெரியும். அது தெரிந்துதான் நிக்கலாம் என்றேன். அவன் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது உடைய வேண்டும் என்று நினைத்தேன். இரண்டும் ஒன்று என்று சொல்வீர்கள். யோசித்துப் பார்த்தேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. விழா முடிந்திருந்தால் அந்தக் கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றிருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் யாரும் சாகவில்லை.

நிஷா இன்னும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்கிறாள். "அவருக்கு நீன்னா உசுருண்ணா" என்கிறாள். அம்மா அவளுக்குச் சோறு போடுகிறாள். இனி அவள் வர மாட்டாள். அது தெரிந்துதான் வந்திருக்கிறேன்.

உங்கள் நிபுணரின் அறிக்கையைச் செய்தித்தாளில் படித்தேன். மணிக்கட்டிலிருந்த விரிசலை ஷெட்டில் செய்கிற சாதாரணச் சோதனையில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று எழுதியிருக்கிறார். நான் இரண்டு முறை கண்டுபிடித்தேன். முதலாளியை விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம், என்னை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள், அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.