ஒரே பெட்டியில் வந்த இரண்டு குப்பிகள்

இந்த மின்விசிறி லேசாக ஆடுகிறது. திருகாணியை இரண்டு சுற்று முறுக்கினால் சரியாகிவிடும். நீங்கள் தவறாக நினைக்காவிட்டால் நின்றுகொண்டே பேசுகிறேன். கொஞ்ச நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையிலிருந்து வரும் ரத்தத்தில் டி.என்.ஏவைப் பிரித்து, சின்னக் குப்பிகளில் என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். அது சோதனைக்குத் தாங்குமா என்று பார்ப்பது நான். போதுமான அளவு இருக்கிறதா, அழுக்கு கலந்திருக்கிறதா, உடைந்து போயிருக்கிறதா. கடைசியாகச் சொன்னதில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். ஜெல் என்ற கூழ்த்தகட்டில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் நல்ல டி.என்.ஏ மேலேயே ஒரு பட்டையாக நிற்கும். உடைந்தது, சிந்திய பால் மாதிரி கீழே வரை இழுத்துக்கொண்டு போகும். மாடு, நாய், மனிதன் என்று எனக்கு வித்தியாசம் கிடையாது. நான் தலையாட்டினால்தான் குப்பி, சோதனை நடக்கும் அடுத்த அறைக்குப் போகும்.

என் மகளை வீட்டில் பெரியவள் என்போம், தம்பி மகளைச் சின்னவள் என்போம். இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளைதான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்போல அப்படிப் பெயர் வந்துவிட்டது. சின்னவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய். பொருத்தமான ஒருவருடைய எலும்பு மஜ்ஜை கிடைத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் பொருந்தவில்லை. பெரியப்பா மகள் பொருந்துவது அபூர்வம், இருந்தாலும் பார்த்துவிடலாம் என்றார். பெரியவள் அங்கேயே சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

மாதிரிகள் எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது தம்பி. "அண்ணன் கையில இருந்தா எனக்கு நிம்மதி" என்றான்.

என் நிம்மதிதான் போயிற்று. சின்ன வயதில் பெரியவளுக்குத் தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிய நேரமாகிவிட்டது. அந்த வராந்தாவில் நடந்த நடை இன்னும் என் காலில் இருக்கிறது. மஜ்ஜை எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். அவருக்கென்ன, படுக்கப் போவது அவர் பெண்ணா? நான் பயந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பயந்தேன்.

டி.என்.ஏவைத் துண்டு துண்டாக்கும் நொதி ஒன்று எங்கள் குளிர்பெட்டியில் எப்போதும் இருக்கும். பெரியவளின் குப்பியில் ஒரு துளி விட்டேன். ஜெல்லில் அது கீழே வரை இழுத்தது. தகுதியில்லை என்று திருப்பிவிட்டேன். மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினார்கள், மறுபடி விட்டேன். ரத்தம் வேண்டாம், எச்சில் எடுப்போம் என்றார்கள், அதிலும் விட்டேன். நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உடைந்திருந்ததைத்தான் உடைந்திருக்கிறது என்றேன்.

பெரியவள் தன் மேலேயே கோபப்பட்டாள். கண்ட சத்து மாவையும் வாங்கிக் குடித்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா, என் ரத்தத்துல ஏதாவது கோளாறாப்பா?" என்று கேட்டாள். சிலருக்கு அப்படி அமைந்துவிடும் என்றேன். அவளைத் தேற்றியது சின்னவள்தான், ஃபோனில். "பரவால்லக்கா, அடுத்த தடவை பாஸாயிடுவ."

வெளியாள் யாராவது பொருந்துகிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கும்போதே சின்னவள் போய்விட்டாள். தம்பி என் தோளில் சாய்ந்துதான் அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் ஒழுக்கம். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருக்கிறாள். எதையும் இரண்டு தடவை கேட்பதால் அவளுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் வைத்திருந்தோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சின்னவளின் ரத்தமும் ஒவ்வொரு முறையும் கூடவே வந்திருந்தது. பழைய ஜெல் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்த அந்தப் புதுப் பெண் கேட்டாள்: "சார், ரெண்டும் ஒரே பெட்டியில, ஒரே ஐஸ்ல வந்திருக்கு. நோயாளிக் குழந்தையோடது நல்லா நிக்குது. நல்லா இருக்கறவங்களோடது மட்டும் எப்படி சார் உடையும்?"

இரண்டையும் கெடுத்திருந்தால், வழியில் சூடு பட்டுவிட்டது என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு நல்ல மாதிரியைத் தேவையில்லாமல் வீணாக்க எனக்குக் கை வரவில்லை. அந்த அளவுக்கு மனசாட்சி உள்ளவன் நான்.

பெரியவள் வெளியே பெஞ்சில் இருக்கிறாள். அப்பா மேல் யாரோ வீண்பழி போடுகிறார்கள் என்று இந்த விசாரணைக்கு எனக்குத் துணையாக வந்திருக்கிறாள். இந்தக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எனக்கு உயிர் போய் வருகிறது.

எப்படியும் பொருந்தியிருக்காது இல்லையா என்று சற்றுமுன் கேட்டீர்கள். ஆறுதலாகத்தான் கேட்டீர்கள், தெரிகிறது. நானும் அப்படித்தான் நம்பினேன். அதனால்தான் முதல் குப்பி வந்ததுமே, வேறு எண் ஒட்டி, அடுத்த அறையில் நானே சோதித்துப் பார்த்தேன். பொருந்தாவிட்டால் அப்படியே அனுப்பிவிடுவதாக இருந்தேன். யாருக்கும் மனக்கஷ்டம் இருந்திருக்காது. பொருந்தியது, ஓரிடம் விடாமல். அதைப் பார்த்த பிறகுதான் அந்தத் துளியை விட்டேன்.