மனோரஞ்சிதத்தின் கொக்கி

– மொதல்ல அந்த அருவாளக் கீழ வெய்யிங்க. பேச்செல்லாம் அப்பறம்.

– நாஞ் சொல்லுறதக் கேளு இருசாயி. மனோரஞ்சிதம் இருக்கற எடத்துக்குப் பாம்பு வரும் புள்ள. ஊரே சொல்லுது.

– அஞ்சு வருசமா வராத பாம்பு இன்னைக்கு எந்த பஸ்ஸுல வருதாமா? அடிவாரத்துல காரவள்ளியில ஏறி, மலைப்பாதை எழுபது வளைவும் சுத்தி, நேரா நம்மூட்டுப் பொறக்கடையில வந்து எறங்குதாக்கும்?

– கிண்டல் பண்ணாத. முந்தாநேத்து மொளகுக் கொடிப் பக்கம் சாரை ஒண்ணு ஓடுச்சு. நாங் கண்ணால பாத்தேன்.

– அது எலிக்கு ஓடுச்சு. எலி உங்க நெல்லு மூட்டைக்கு ஓடுச்சு. இதுல இந்தச் செடி என்னங்க பண்ணுச்சு?

– வாசத்துக்கு வரும்ங்கறேன்.

– வாசம் எதுலீங்க இருக்குது?

– பூவுல.

– பூ எங்கீங்க?

– அதத்தான் நானுஞ் சொல்லுறேன்! ஒரு மொட்டு வெச்சுதா இது? பூக்காத செடிய எத்தன நாளைக்குத்தான் சோறு போட்டு வளக்கறது? வெட்டிட்டா ரெண்டு மொளகுக் கொடி ஏத்தலாம்.

– இருங்க, இருங்க. பூ வாசத்துக்குப் பாம்பு வருதுன்னு வெட்டோணும். பூவே பூக்கலைன்னும் வெட்டோணும். ரெண்டுல எதுக்குங்க வெட்டறீங்க, சொல்லுங்க பாக்கலாம்?

– அது வந்து... பாம்பு நெழலுக்கும் வரும்.

– நெழலுக்கு வரோணும்னா உங்க காப்பித் தோட்டத்துக்குள்ள போவும். அங்கதான் ஏக்கர் கணக்குல நெழலு கெடக்குது.

– உங்கூட மனுசன் பேச முடியுமா?

– பேச வேண்டாம். அருவாளக் கீழ வெச்சாப் போதும். ஆமா, அஞ்சு வருசம் சும்மா இருந்துட்டு இன்னைக்குப் பொழுதோட என்ன இப்பிடி ஒரு அவசரம்?

– அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல. வேல இல்லாம இருந்தேன்.

– நாங் காலையில தண்ணி ஊத்தறப்ப எலையத் தூக்கிப் பாத்தேன். உள்ளாற ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டு இருக்குது. முந்தி எலை மாதிரியே பச்சையா இருந்துருக்கும்போல, கண்ணுல படல. இப்ப நல்லா மஞ்சளாப் பழுத்துருச்சு.

– ஐயோ, பாத்துட்டியா?

– பாத்துட்டியாவா?

– இல்ல... பூத்துருச்சான்னு கேட்டேன்.

– நீங்க அப்பிடிக் கேக்கல. எனக்கு முன்னால நீங்க பாத்துட்டீங்க. பாத்துட்டு எங்கிட்டச் சொல்லாம அருவாளத் தூக்கிக்கிட்டு வந்துருக்கறீங்க. ஏனுங்க, ஊருல பூக்காத செடியத்தான் வெட்டுவாங்க. பூத்த அன்னைக்கு வெட்ட வந்த மொத ஆளு நீங்கதான்.

– செரி செரி. வெட்டல. போதுமா? இந்தா, அருவாளத் திண்டு மேல வெச்சுட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்.

– மாடு எங்கியும் ஓடாது. இங்க வாங்க.

– என்னது அது கையில?

– அந்தப் பூதான். பறிச்சுட்டேன். மோந்து பாத்து என்ன வாசம் அடிக்குதுன்னு சொல்லுங்க.

– எனக்குச் சளி புடிச்சிருக்குது.

– இப்பத்தான் நல்லாப் பேசுனீங்க.

– பேசறது வாயி. சளி மூக்குல.

– ஒரு இழுப்பு இழுங்க. மனசுல எத நெனச்சுக்கிட்டு மோக்கறமோ அந்த வாசந்தான் அடிக்குமாமா. கண்ணாலம் ஆயி இருவத்தி மூணு வருசம் ஆச்சு. உங்க மனசுல என்ன இருக்குதுன்னு ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து சொல்லிருக்கறீங்களா? மொளகு காஞ்சுருச்சா, மாடு சாணி போட்டுருச்சா, இதத் தவுத்து ஒரு பேச்சு உண்டா? நீங்க சொல்லலீன்னா போவுது. இந்தப் பூவாச்சுஞ் சொல்லட்டும்.

– இதுக்குத்தான் செடி வெச்சியா?

– பின்ன, பாம்புக்கா வெச்சேன்?

– குடு. ...ம். நல்ல வாசம்.

– நல்ல வாசம்னா எது மாதிரி?

– பூ மாதிரிதான். பூவு பூ மாதிரி இல்லாம பூண்டு மாதிரியா இருக்கும்?

– நல்லாக் கண்ண மூடி, மூச்ச உள்ள இழுத்துச் சொல்லுங்க.

– ம்ம்... பழம் மாதிரி இருக்குது.

– என்ன பழம்?

– அன்னாசி.

– அன்னாசியா?

– ஆமா. எல்லாரும் அப்பிடித்தான சொல்லுவாங்க?

– எல்லாரும் சொல்லட்டும். உங்களுக்கு எதுக்கு அன்னாசி வாசம் அடிக்குது? வாசலூர்பட்டி ஏரியில படகு உடற எடத்துக்கிட்ட அன்னாசிப் பழத்த அறுத்து, மொளகாப் பொடி தூவி வித்துக்கிட்டு உக்காந்துருக்கறது யாரு?

– யாரோ. நா எங்க அந்தப் பக்கம் போறேன்?

– பானுமதி. உங்கூட்டுல மொதல்ல பொண்ணு கேட்டுப் போனது அந்தப் பானுமதி ஊட்டுக்கு. அவிய முடியாதுன்னு சொன்னதுக்கு அப்பறந்தான எங்கூட்டு வாசல்ல வந்து நின்னீங்க?

– அட கடவுளே. அந்தப் பொம்பளைக்குப் பேத்தி பொறந்து மொட்டையும் போட்டாச்சு இருசாயி!

– பேத்தி பொறந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான் அந்தப் பக்கமே போறதில்லையே!

– மொட்டைக்கு நம்மளையுந்தான கூப்பிட்டாங்க! நீயும் வந்து ரெண்டு பந்தி சாப்பிட்ட.

– சாப்பாட்டப் பேசாதீங்க.

– செரி, குடு அந்தப் பூவ இன்னொருக்கா. ...அன்னாசி இல்ல புள்ள. பலாப்பழம். நம்ம தோட்டத்துப் பலாவேதான்.

– இப்பப் பலாவா?

– கொஞ்சம் மலைவாழ மாதிரியும் இருக்குது.

– இது பூவா, சோளக்காட்டுப் பழச் சந்தையாங்க? வாயில வரதெல்லாம் சொல்லிக்கிட்டு நிக்கறீங்க. மனசுல இருக்கறது முந்திக்கிட்டு வந்துருச்சு, இப்ப அது மேல பலாவப் போட்டு மூடப் பாக்கறீங்க.

– சத்தியமா இல்ல.

– செரி, அது கெடக்கட்டும். இன்னொண்ணு கேக்கறேன், அதுக்காச்சும் நெசத்தச் சொல்லுங்க. இந்தச் செடியில கொக்கியெல்லாம் எங்கீங்க போச்சு?

– எந்தக் கொக்கி?

– மனோரஞ்சிதக் கொப்புல வளஞ்சு வளஞ்சு கொக்கி மாதிரி வருமே, அது. எந்தம்பி வேல்முருகன்தான இந்தச் செடியக் குடுத்தான்? போன வாரம் செல்லுல படம் புடிச்சு அனுப்பி, ஏந் தம்பி பூக்க மாட்டீங்குதுன்னு கேட்டேன். அவன் பாத்துட்டு, அக்கா, இதுல பூவே அந்தக் கொக்கியிலதான் வரும், கொக்கிய எல்லாம் யாரோ ஒட்ட நறுக்கிருக்காங்களேங்கறான்.

– ஆடு கடிச்சிருக்கும்.

– ஆடு கடிச்சா நாரு நாராத் தொங்கும். இது வழுவழுன்னு சாய்வா இருக்குது. கவாத்துக் கத்திரி புடிச்ச ஆடு நம்ம ஊட்டுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. எலைக்குள்ளாற மறஞ்சிருந்த ஒரு கொக்கிதான் அதுகிட்டத் தப்பிச்சுருக்குது.

– அது... உன்ர சீல மாட்டிக் கிழியுதேன்னு வெட்டுனேன் புள்ள. செவப்புச் சீல ஒண்ணு கிழிஞ்சுதே, மறந்துட்டியா?

– மறக்கல. அது மொத வருசம். அதுக்கப்பறம் நாஞ் சீலைய இழுத்துச் சொருகிக்கிட்டுத்தான் கிட்டப் போறேன். எம் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. பூ அதுலதான் வரும்னு தெரிஞ்சு வெட்டுனீங்களா, தெரியாம வெட்டுனீங்களா?

– மொத வருசம் தெரியாது.

– அப்பறம்?

– ரெண்டாம் வருசம் வெட்டறப்ப ஒரு கொக்கியில சின்னதா மொட்டு இருந்துச்சு.

– அதப் பாத்துட்டு?

– அதையுஞ் சேத்து வெட்டிட்டேன்.

– சித்திரை வெய்யில்ல குடிக்கத் தண்ணி இல்லாதப்பக்கூட, ஓடையில இருந்து கொடத்துல தூக்கியாந்து ஊத்துனேன். மாசம் தவறாம கடலப் புண்ணாக்கு ஊற வெச்சேன். மழைக்குத் தண்ணி தேங்கி வேரு அழுவிறக் கூடாதுன்னு நனஞ்சுக்கிட்டே வாய்க்கா வெட்டி உட்டேன். ஒத்த ஆளா நின்னு மூங்கிக் குச்சி நட்டுப் பந்தல் கட்டுனேன். இந்தச் செடிகிட்ட நின்னு, ஏஞ் சாமி, உனக்கு நா என்ன கொறை வெச்சேன், ஒரு பூ குடுக்கக் கூடாதான்னு அழுதுருக்கேங்க. நீங்க அந்தப் பக்கம் உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டுப் பாத்தீங்க.

– பாத்தேன்.

– பாத்துட்டு அடுத்த நாளு கத்திரி எடுத்துக்கிட்டுப் போயிருக்கறீங்க. அவ்வளவு பயமா உங்களுக்கு? பூத்துட்டா மனசுல இருக்கற அன்னாசி வெளிய வந்துரும்னு?

– அன்னாசி எல்லாம் ஒண்ணுமில்ல புள்ள!

– காலைல மொத பஸ்ஸுல நா எந்தம்பி ஊட்டுக்குப் போறேன். உங்க மவ ஆர்த்தி காலேஜு லீவுக்கு வந்தாள்னா, எங்கம்மா எங்கன்னு கேப்பா. அன்னாசிப் பழத்தப் புழிஞ்சு குடுத்து நீங்களே பதிலச் சொல்லுங்க.

– எனக்கு எந்த வாசமும் தெரியாது இருசாயி.

– என்னது?

– மூக்கு போயிருச்சு. சளியில்ல. மூக்கே போயிருச்சு. அந்தக் கொரோனாக் காய்ச்சல்ல ரெண்டு பேரும் பாய் போட்டுப் படுத்துக் கெடந்தமே, அப்பப் போனது. எல்லாருக்கும் திரும்பி வந்துருச்சுங்கறாங்க. எனக்கு வரல.

– சும்மா சொல்லாதீங்க. தெனமும் வாசல்ல நொழையறப்பவே, ரசம் தூக்குதே இருசாயின்னுதான வாரீங்க?

– தாளிக்கற சத்தங் கேட்டாச் சொல்லுவேன்.

– போன வெள்ளிக்கெழம நா ரசமே வெக்கல. துணிதான் தொவச்சுக்கிட்டு இருந்தேன்.

– அன்னைக்குச் சத்தந் தப்பாக் கேட்டுருச்சு.

– அப்ப அர்த்தனாரி? எடப்புளி நாட்டுல இருந்து தேன் எடுத்தாந்து உங்ககிட்ட நீட்டி, சின்னுசாமியண்ணன் மூக்குல வெச்சு நல்ல தேனுன்னு சொன்னாத்தான் விப்பேன்னு காத்துக் கெடக்கறாரே?

– பாட்டல மூக்குகிட்டக் கொண்டு போவேன். கண்ண மூடுவேன். ஆனா முழுசா மூட மாட்டேன். அர்த்தனாரி மொகத்தப் பாப்பேன். அவன் சும்மா நின்னா நல்ல தேனு. எச்சி முழுங்குனாச் சக்கரப் பாகு. இதுவரைக்கும் ஒருக்காக்கூடத் தப்பல.

– அட பாவி மனுசா!

– ஊருக்குத் தெரிஞ்சாலும் போவுதுன்னு உட்டுருவேன். உங்கிட்டத்தான் சொல்ல முடியல. இந்தச் செடிய நட்ட அன்னைக்கு நீ என்ன சொன்ன? இது பூத்தா மொதப் பூவ உங்க மூக்குலதான் வெப்பேன், என்ன வாசம்னு நீங்க சொல்லோணும்னு சொன்ன. அப்ப எனக்கு மூக்கு இருந்துச்சு, செரின்னு தலையாட்டிட்டேன். அடுத்த வருசமே காய்ச்சல் வந்துருச்சு. நீ ஆசையாப் பூவ நீட்டறப்ப நா என்னத்தச் சொல்லுவேன்? ஒண்ணும் அடிக்கலீன்னா, எம் மனசுல ஒண்ணுமில்லன்னு ஆயிருமே. அதுக்கு இது பூக்காமயே இருக்கட்டும்னு நெனச்சேன்.

– அதுக்கா வெட்டுனீங்க?

– அதுக்குத்தான். என்ன புள்ள, இப்பச் சிரிக்கறியா, அழுவறியா?

– தெரியலீங்க. ரெண்டும் ஒண்ணா வருது.

– தம்பி ஊட்டுக்குப் போறியா?

– பஸ்ஸு காலையிலதான. யோசிக்கலாம்.

– நா ஒண்ணு சொல்லட்டுமா? இனிமே கத்திரியத் தொட மாட்டேன். ஆடி நோம்பிக்குள்ள செடி முழுக்கக் கொக்கி வந்துரும். பூவுங் கொட்டும். எனக்குத் தெரியலீன்னா என்ன? நீ மோந்து பாத்துச் சொல்லு. நீ பலான்னாப் பலா, சாம்பிராணின்னாச் சாம்பிராணி. நா அதையே நெனச்சுக்கறேன். இந்தா, இந்தப் பூவையும் நீயே மோந்து எப்பிடி இருக்குதுன்னு சொல்லு.

– வேண்டாங்க.

– ஏம் புள்ள? இன்னும் கோவமா? கஷ்டப்பட்டு வளத்தவ நீதான? புடி.

– கோவமெல்லாம் இல்லீங்க. உங்களுக்குப் போன அதே காய்ச்சல்லதான் எனக்கும் போச்சு. நம்ம ரெண்டு பேருல உங்களுக்காச்சும் மூக்கு இருக்குதே, பூத்தா எப்பிடி மணக்குதுன்னு உங்க வாயால கேட்டுக்கலாம்னுதாங்க இத்தன வருசமும் தண்ணி ஊத்துனேன்.