சாலைக்கு ஆள்

மலாயாவின் சுங்கை பட்டாணியில் ஜப்பான்காரன் அரிசி அளந்து கொடுத்த வரிசையில், எனக்கு முன்னால் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவரும் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தியும் நின்றார்கள்.

"ஒம் மவன் கெட்டிக்காரன்மா. சண்டை முடியட்டும், அவனைச் சர்வகலாசாலைக்கு அனுப்பிடணும்" என்றார் கிராணி.

அவள் முகம் வெளிறிவிட்டது.

"சாலைக்கா? அவங்கப்பாவையும் ரயில் சாலை போடத்தான்னு சயாமுக்கு அனுப்புனீங்க. போனவரு போனவருதான். இவனையாவது விட்டுருங்க ஐயா!"

துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் திரும்பிப் பார்த்தான். கிராணி அவசரமாக அவனுக்குக் குனிந்து வணங்கினார். அவன் முகத்தைத் திருப்பிய பிறகுதான் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மெதுவா பேசும்மா. இது ரோடு இல்ல, பெரிய படிப்பு படிக்கிற எடம். எல்லாருக்கும் பொதுவானது, தோட்டத்துப் புள்ளையும் போலாம். யாருக்கும் தெரியாததையெல்லாம் அங்கதான் தேடிக் கண்டுபிடிப்பாங்க."

வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை.

"யாருக்கும் தெரியாததையா?"

"ஆமாம்மா."

"அப்படின்னா அனுப்புறேன். அவங்கப்பா எங்க கெடக்குறாருன்னு அங்க உள்ளவங்களாவது தேடிச் சொல்லட்டும். ஒங்களக் கேட்டா தெரியாதுன்னுதானே சொல்றீங்க."