நேராக ஓடும் கெப்

வத்தளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரின் மடியில் கலியாண வாகனம் சோடிக்கிற ரிப்பன் சுருள். அவர்தான் தொடங்கினார்.

“மாமாட கெப் வாகனம் இப்ப நேரா ஓடுது மச்சான். வீட்டில ஒருத்தரும் ஏறமாட்டம் எண்டுட்டினம்.”

“நேரா ஓடினா நல்லந்தானே?”

“போன வருசம் காட்டுப் பாதையில கல்லில அடிச்சு, முன் சில்லைப் பிடிச்சிருக்கிற பிரக்கெட் வளைஞ்சிட்டுது. அண்டையில இருந்து இடப்பக்கம் இழுக்கும். மாமா ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடிச்சுப் பிடிச்சே ஓடினவர்.”

“திருத்தேல்லையே?”

“சனிக்கிழமை மாமாட மகள், மச்சாள்ட கலியாணமெல்லே. பொம்பிளையக் கோயிலுக்குத் தான்தான் ஏத்திக்கொண்டு போகவேணும் எண்டு, ஒருகொடவத்தைக் கராஜில குடுத்து, வளைஞ்சதை வெட்டிப் புதுசு ஒட்டி, எலைன்மென்டும் பாத்தவர்.”

“இப்ப இழுக்கேல்லத்தானே?”

“கெப் இழுக்கேல்ல. மாமாட கைதான் வலப்பக்கம் இழுக்குது. நேற்று பாலத்தில எதிர்ல வந்த பஸ்ஸுக்கு முன்னால போயிட்டார். மாமி செபமாலைய எடுத்திட்டா.”

“வேற ஆள் ஓடினா என்ன?”

“பொம்பிளைட அப்பா விடுவாரே?”

பஸ் பாலத்தில் ஏறியது. ரிப்பன்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இண்டைக்கு விடியக் கராஜுக்குப் போய், பழையபடி வளைச்சுத் தரச்சொல்லிக் கேட்டவர்.”

“கராஜ் பாஸ் ஏசேல்லையே?”

“இல்ல. வெட்டி எடுத்த பழைய பிரக்கெட்டை எறியாம வச்சிருந்தவர். இப்ப அதைத் திரும்ப ஒட்டுறார். கலியாணத்துக்கெண்டு பெயின்டும் அடிச்சு.”