செருப்புக்குக் கட்டம் உண்டு

“பாம்பு கடிக்கேக்க செருப்புப் போட்டிருந்தவரோ எண்டு கேக்கத் தெரியுது. லாஞ்சை மறிச்சவையோ எண்டு கேக்கத் தெரியேல்லையோ?”

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் போகும் லாஞ்சுப் படகுக்கு நின்ற பதினெட்டுப் பேரும் திரும்பினோம். கேட்டவள் போன கிழமை பாம்பு கடித்துக் கணவனை இழந்தவள். அதற்கான படிவத்தோடு நின்றவர் ஆசுபத்திரி எழுதுவினைஞர்.

“ஐஞ்சு நாட்டு டொக்டர்மார் ஒரே படிவத்தை நிரப்பி, பாம்புக்கடி மருந்து வேலை செய்யுதோ எண்டு பாக்கினம், அக்கா. எங்களுக்கெண்டு மாத்த ஏலாது.”

“என்ர மனுசனுக்கு என்ன போட்டனீங்கள்?”

“மருந்து ஏத்தினது, ஆள் தப்பேல்லை எண்டு.”

“நாலு மணித்தியாலம் லாஞ்சைச் சோதனைச் சாவடியில மறிச்சு வைச்சது?”

“அதுக்குக் கட்டம் இல்லை. ஆசுபத்திரிக்கு வந்த நேரம்தான் கேக்கினம்.”

“அப்ப மருந்திலயோ பிழை? உதைப் பாத்து மருந்தை நிப்பாட்டினா, அடுத்துக் கடிபட்டவனும் சாகிறதோ?”

அவர் படிவத்தைப் புரட்டினார். அதில் முப்பத்தாறு கட்டங்கள், எண்ணிப் பார்த்தேன்.

அப்போது சாவடியிலிருந்து கை காட்டினார்கள். லாஞ்சு இப்போதைக்குப் போகாது. வரிசை அப்படியே நிலத்தில் குந்தியது.

“இப்ப எத்தினை மணி, தம்பி?”

“பத்தேகால்.”

“எழுதுங்கோ, லாஞ்சு மறிச்சது பத்தேகால் எண்டு. கட்டம் இல்லாட்டி ஓரத்தில எழுதுங்கோ. அதுக்கு மேல என்ர மனுசன்ர நாலு மணித்தியாலத்தையும் எழுதுங்கோ.”

எழுதுவினைஞர் பேனா மூடியைக் கழற்றினார்.